நுரை மருந்து

காலில் இருந்த கட்டைப் பிரித்த டாக்டர் புண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதையாவது சொல்லித் தொலைத்தால் என்ன?

புருஷனின் வலது பாதம். செருப்பைத் துளைத்து ஏறிய ஆணி குத்தி வந்த புண். குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. சர்க்கரை முற்றி, பாதம் எப்போதோ மரத்துவிட்டது. தரையில் ரத்தத்தைப் பார்த்து அலறியது அவள்தான்.

புண் இன்றும் வெளுத்துக் கிடந்தது.

சிவக்கவில்லையென்றால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான் என்று போன முறையே டாக்டர் சொல்லியிருந்தார். படம் போட்டும் காட்டினார். ரத்தக்குழாயின் உள்சுவரில் இருக்கிற ஒரு செல், விரல் விரலாக நீட்டும். இருட்டில் சுவிட்சைத் தேடுகிற கை மாதிரி, தடவித் தடவி முன்னால் வரும். மற்ற செல்கள் அதன் பின்னால் வரும். அப்படிப் புதுக்குழாய்கள் முளைத்தால், புண்ணில் சிவப்பு பொடிப்பொடியாகத் தெரியும்.

ஒரு பொடியும் தெரியவில்லை.

காரணம் அவளுக்குத் தெரியும். இந்த மனுஷனின் வாய்.

ஒருநாள் துவைக்கப் போட்ட சட்டைப்பையில் பிசுபிசுவென்று ஜிலேபிக் காகிதம். அன்றே வீட்டைவிட்டுச் சர்க்கரை டப்பா போயிற்று. காலையில் திட்டு, மத்தியானம் திட்டு. அது பழைய காகிதம் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பஸ் முழுக்க அதட்டி உருட்டிய கண்டக்டர் புருஷன், அவள் முன்னால் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்தால் அவளுக்கு இன்னும் ஆத்திரம் வரும்.

டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது என்றார்.

அவளுக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"வீட்ல புண்ணுல ஏதாவது ஊத்துறீங்களா?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிள்ளைகள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்த காலத்திலிருந்து அவள் நம்பும் நுரை மருந்து. நர்ஸ் போடும் கட்டின்மேல் அவளுக்கு நம்பிக்கையில்லை. தினமும் அவிழ்த்து, ஊற்றி, புஸ்ஸென்று பொங்கி அடங்கும்வரை பார்த்திருந்து, மறுபடி கட்டுவாள். பொங்கினால் அழுக்கு வெளியேறுகிறது என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் தீர்ந்துபோயிருந்தால் என்ன செய்வது என்று இன்றும் பையில் கொண்டுவந்திருந்தாள்.

சொல்ல வாயெடுத்தாள்.

"நுரைக்கிற மருந்து ஊத்தியிருக்கீங்க, இல்ல?" டாக்டரின் குரல் உயர்ந்தது. "புண்ணு வெந்து கிடக்கு. முளைக்கிற குழாயை முளைக்க முளைக்கச் சாகடிச்சிருக்கீங்க. யாரு பண்ண வேலை இது?"

அவள் மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டாள்.

"நான்தான் சார்," என்றார் கண்டக்டர். "அவளுக்குத் தெரியாது."

டாக்டர் பிடிபிடியென்று பிடித்தார். கால் உங்களுடையதுதானே என்றார். அதை நிறுத்துங்கள், இன்னும் ஒரு வாரம் பார்க்கிறேன், அதற்கு மேல் என் கையில் இல்லை என்றார். கண்டக்டர் தலையைத் தொங்கப் போட்டார். அவளிடம் போடுகிற அதே தொங்கல்.

அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் வந்ததெல்லாம் ஒன்றுமேயில்லை. எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாத கோபம்.

பையைத் திறந்தாள். பாட்டிலை எடுத்து மேசைமேல் டொக்கென்று வைத்தாள். பாதிக்கு மேல் காலி.

"உங்கள யாரு பேசச் சொன்னா?" என்றாள் அவரிடம்.

டாக்டர் அவளைப் பார்த்தார். கண்டக்டர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கை அவருடைய பாதத்தை இறுகப் பிடித்திருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை.