நேராக உருட்டியது

துறைமுகக் கிளப்பில், கோலால் பந்துகளைக் குழியில் தள்ளும் பில்லியர்ட்ஸ் போட்டியில் ஜெசிந்தாவும் அவள் கணவன் அமல்ராஜும் ஒரு ஜோடி. ஜோடியில் ஒருவர் அடித்ததும் வெள்ளைப் பந்து எங்கே நிற்கிறதோ, அங்கிருந்துதான் மற்றவர் அடிக்க வேண்டும். விபத்தில் அமல்ராஜின் இடது கால் விறைத்துப்போன பிறகு, ஜெசிந்தா ஒவ்வொரு முறையும் வெள்ளையை மேசையின் இரண்டு மூன்று ஓரங்களில் மோதவிட்டு, அவன் சிரமமில்லாமல் நின்று அடிக்கும் இடத்துக்குக் கொண்டுவந்துவிடுவாள். ஏன் என்று அவன் கேட்டதில்லை.

இறுதி ஆட்டத்தில் அவள் குனிந்தபோது, அவர்கள் பங்கில் ஒரு பந்தும், கடைசியாக விழவேண்டிய கறுப்பும்தான் பாக்கி. சுற்றவிட்டால் வெள்ளையே குழிக்குள் விழுந்து ஆட்டம் கைமாறிவிடலாம். நேராக உருட்டினால் அது மேசையின் நடுவில் நிற்கும்.

“நேராவே விடு, ஜெசி.”

“உங்களுக்கு எட்டாது. கால் தாங்காது.”

“அத நான் பாத்துக்கிடுதேன். எனக்காகச் சுத்தவிடாத.”

நேராக உருட்டினாள். அவள் குறிவைத்த பந்து விழுந்தது. வெள்ளை நடுவில் நின்றது. அமல்ராஜ் மேசைமேல் நெஞ்சைச் சாய்த்து, விறைத்த காலைப் பின்னால் தூக்கிக்கொண்டு அடித்தான். கறுப்பு குழியின் விளிம்புவரை போய் நின்றுவிட்டது. எதிர் ஜோடிக்கும் அது ஒன்றுதான் பாக்கி. தட்டிவிட்டு ஜெயித்தார்கள்.

வெளியே வரும்போது அமல்ராஜ் சட்டையில் ஒட்டியிருந்த, கோல் நுனியில் தேய்க்கும் நீலச் சாக்பீஸ் பொடியைத் தட்டிக்கொண்டே சொன்னான்: “அடுத்த தடவையும் நேராவே விடு.”