கால் வேலுத்தாய்

குடோனில் பெட்டி சுமக்கும் பெண்கள் கால் வேலுத்தாய் வேகத்துக்குக் குறையாமல் நடக்க வேண்டும். குறைந்தால் மணிக்கட்டுப் பட்டை சிவக்கும். ஒரே ஷிப்டில் மூன்று முறை சிவந்தால் வேலை போச்சு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பத்தாயிரம் மீட்டரில் வேலுத்தாய் வைத்த சாதனையை இன்னும் ஒருத்தியும் தொடவில்லை. அன்றைக்கு அவள் ஓடிய வேகம்தான் ‘ஒரு வேலுத்தாய்’; அதில் கால் பங்குதான் இன்று எல்லாக் குடோனுக்கும் அளவு.

அந்த வேலுத்தாயே இந்தக் குடோனில் தன் பெயரைத் தாயி என்று மட்டும் சொல்லிச் சேர்ந்திருந்தாள். வலது முட்டியில் ஜவ்வு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசியது. மத்தியானத்துக்குள் பட்டை இரண்டு முறை சிவந்துவிட்டது.

“என்னக்கா, வேலுத்தாய் மாதிரி ஓடவா சொன்னோம்? கால்வாசிதானே கேக்கறோம்!” என்றான் சூப்பர்வைசர்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாக எட்டு வைத்தாள். நாலாவது எட்டில் முட்டி மடங்கிப் பெட்டியோடு உட்கார்ந்தாள். பட்டை சிவந்தது.

கூடச் சுமக்கும் அன்னக்கிளி ஓடிவந்து தூக்கினாள். “எவடி அந்த வேலுத்தாய்? நம்ம உசுர எடுக்கன்னே ஓடியிருக்கா பாரு. அவ காலு வெளங்குமா?”

“வெளங்கல அன்னம்” என்றாள் வேலுத்தாய், பட்டையைக் கழற்றிக்கொண்டே.