ஏறாத சம்பளம்

அவள் மட்டும் கை தட்டவில்லை.

மற்றவர்கள் தட்டி முடித்துப் பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டார்கள். மாலை போட்ட இயந்திரங்களுக்கு நடுவே நின்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் பட்டறை அது. ஆயுத பூஜை முடிந்த கையோடு முதலாளி சம்பள உயர்வை அறிவித்திருந்தார்.

அதிகமாக ஏறியது அவளுக்குத்தான்.

மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். தாண்டியது.

மறுபடி கூட்டினாள்.

ஈ.எஸ்.ஐ. அட்டைக்கு ஒரு சம்பள வரம்பு உண்டு. அதற்கு மேல் வாங்கினால் அட்டை போய்விடும். அந்த அட்டையை வைத்துத்தான் அவள் கணவன் நஞ்சப்பனுக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ் நடக்கிறது.

முதலாளி அறையில் சாம்பிராணிப் புகை இன்னும் கலையவில்லை.

"எனக்கு ஏத்த வேண்டாமுங்ணா."

சம்பளம் போதவில்லை என்று அந்த அறைக்கு வந்தவர்கள் உண்டு. இப்படி ஒருவரும் வந்ததில்லை. அவர் உட்காரச் சொன்னார். அவள் நின்றபடியே காரணத்தைச் சொன்னாள்.

அவருக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, அரசாங்கத்தின் மேல்.

டீ நேரத்தில் அவர் வழக்கமாகப் பேசுவதுதான். வருமான வரி கட்டுகிறார். ஜி.எஸ்.டி. கட்டுகிறார். குடும்பத்துக்கு எடுத்த மருத்துவக் காப்பீட்டுக்கு வருடா வருடம் கூட்டிக் கேட்கிறார்கள், அதையும் கட்டுகிறார். அதிலிருந்து இதுவரை ஒரு மாத்திரை வாங்கியதில்லை. கட்டியதெல்லாம் இலவசத்துக்குப் போகிறது. இப்போது உழைப்பவளுக்குக் கூடுதலாகக் கொடுக்கவும் விடமாட்டேன் என்றால் அது என்ன திட்டம்?

இது இலவசம் இல்லை என்றாள் அவள். மாதாமாதம் தன் சம்பளத்திலும் பிடிக்கிறார்கள்.

"என்றகிட்டயும்தான் புடிக்கறாங்க அம்மிணி. உன்னையவிட அதிகமா."

"ஆமாங்ணா. உங்க பங்குலயும்தான் அவரு நடமாடறாரு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

பிறகு வழி தேட ஆரம்பித்தார்.

முதலமைச்சர் காப்பீடு இருக்கிறதே என்றார். அதற்கும் வருமான வரம்பு உண்டு, அதை அவள் எப்போதோ தாண்டியாயிற்று. அரசு மருத்துவமனை? படுக்கைக்குப் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். இப்போது போகும் இடத்தில் நஞ்சப்பன் கையில் எந்த நரம்பு தாங்கும் என்று தெரிந்த நர்ஸ் இருக்கிறாள்.

தன் காப்பீட்டு முகவரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். புதுப் பாலிசி என்றதும் முகவர் குரல் துள்ளியது. நோய் என்னவென்று கேட்டதும் இறங்கியது. டயாலிசிஸ் என்றால் கம்பெனி எடுக்காது சார் என்றான். இருந்தாலும் அழைத்தது நல்லதாகப் போயிற்று, சாருடைய பாலிசியைப் புதுப்பிக்கும் மாதம் இது, இந்த முறை கொஞ்சம் கூடியிருக்கிறது என்றான்.

அவர் போனை வைத்தார். அவள் தரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள்.

உயர்வை மட்டும் கவரில் போட்டுத் தனியாகக் கொடுத்துவிடவா என்று தணிந்த குரலில் கேட்டார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஆய்வுக்கு வருகிறவர்கள் கண்டுபிடித்தால் இரண்டு பேருக்கும் வம்பு.

"எல்லாரு முன்னாலயும் சொல்லியாச்சு. நாளைக்குக் கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"வேலை சரியில்லைன்னு சொல்லிப்போடுங்க."

"உன்ற வேலையவா?"

இந்த முறை இருவருமே சிரித்தார்கள்.

அவர் சம்பளப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே இருந்த தொகையை அடித்தார். பழைய தொகையை எழுதினார். இவ்வளவு வரி வாங்குகிறார்கள், இந்த வரம்பைக் கொஞ்சம் ஏற்றிவைத்தால் என்ன கெட்டுப்போகும் என்று முனகினார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை அவள் கேட்டதே இல்லை.

பட்டறைக்கு எதிரே பேக்கரி. சம்பளம் ஏறியவர்கள் அன்று எல்லாருக்கும் டீ வாங்கித்தர வேண்டும் என்பது பட்டறை வழக்கம்.

பட்டியலைப் பார்த்த கணக்கர் சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு முன்பே செய்தி அங்கே போய்விட்டது. பட்டறையில் அவளுக்குப் பக்கத்து மேசையில் காயில் சுற்றும் வசந்தாமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு மட்டும் அடிச்சுப்போட்டாராமா? அந்தாளுக்கு மனசாட்சியே இல்லக்கா."

"அவரைச் சொல்லாத."

அவளை அழைத்துப்போக நஞ்சப்பன் மொபெட்டில் வந்தான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். டீ மாஸ்டர் கேட்காமலே அவனுக்கு அரை டம்ளர் கொடுத்தார். தண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டிய உடம்பு. அரை டம்ளருக்கு முழுக் காசு தருகிறேன், இந்தக் கடைக்கு நஷ்டம் வைக்காத ஒரே ஆள் நான்தான் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அரை டம்ளரை ஊதி ஊதி, முழு டம்ளருக்கு ஆகும் நேரத்தில் குடித்தான்.

வசந்தாமணி பர்ஸைத் திறந்தாள்.

அவள் எட்டி வசந்தாமணியின் பர்ஸை மூடினாள். எல்லா டீக்கும் தன் பணத்தை நீட்டினாள்.

"சம்பளம் ஏறுனது எங்களுக்கு. நீ எதுக்குக்கா குடுக்கறே?"

பெஞ்சிலிருந்து நஞ்சப்பன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"அட்டை போகாம நின்னுதல்ல" என்றபடி அவள் இன்னும் ஒரு தட்டு பஜ்ஜி சொன்னாள்.