பஞ்சு அடைத்த சுவர்

சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குக் கரண்டு போனது. தறிக்குடோனில் எட்டு விசைத்தறிகளும் ஒரே மூச்சில் நின்றன.

கனகம் விளக்கைப் பொருத்தி மறுபடியும் தேடினாள்.

டிரங்குப் பெட்டி, மூன்றாவது முறை. பாய்க்கு அடியில், நான்காவது முறை. தேடிய இடங்களையெல்லாம் நோட்டில் எழுதி டிக் அடித்திருந்தாள்.

ஹால் டிக்கெட் நேற்றிலிருந்து காணோம். நாளைக் காலை கோயமுத்தூரில் குரூப் நாலு பரீட்சை.

இரண்டு வருஷம் மாலை வகுப்புக்குப் போனவள். ஒரு காகிதத்தைப் பத்திரமாக வைக்கத் தெரியாதவளுக்கு எதற்கு அரசாங்க வேலை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அண்ணன் கதிர் மத்தியானம் முழுக்கக் கூடவே தேடினான். அவள் படிக்க வேண்டுமென்று, குடோனுக்கும் அறைக்கும் நடுச்சுவரில் முந்தாநாள்தான் சாக்குகளை ஆணியடித்து, உள்ளே கழிவுப் பஞ்சைத் திணித்துத் தைத்தவன்.

"இனித் தறிச் சத்தம் தெரியாது. நிம்மதியாப் படி கண்ணு" என்றான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது அந்தச் சுவருக்கு அப்பால் அப்பாவின் குரல் எழுந்தது. முப்பது வருஷம் தறியோடு நின்று காது மந்தமானவர். தறி நின்றாலும், ஓடுகிற நினைப்பிலேயே பேசுவார்.

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க நாளைக்குப் பத்து மணிக்கே வாராங்களாமா?"

அண்ணன் அவர் காதோரம் குனிந்து ஏதோ பதில் சொல்லியிருப்பான். பஞ்சு அதை விழுங்கிவிட்டது.

"அம்மணி பரீட்சைக்குன்னு கெளம்பீட்டா என்னடா பண்றது?"

பஞ்சு.

"ஒளிச்சுப்போட்டயா? அவ கையில சிக்கீராதே?"

பஞ்சு.

அப்பா சிரித்தார். "அட கிறுக்கா! அவ தலைமாட்டுலயேவா!"

கனகம் விளக்கைத் தூக்கினாள். அவள் தலையணைக்கு நேர் மேலே, சாக்கின் ஒரு மூலையில் மட்டும் தையல் வேறு நிற நூலில் இருந்தது.

நோட்டைப் பார்த்தாள். வரிசையில் சுவர் இல்லை.

வாசலில் கதிர் தலை நீட்டினான். "கெடைச்சுதா கண்ணு?"

"இன்னும் இல்லீங்ண்ணா."

"கவலப்படாத. எங்க போயிறும்?"

அவன் குடோனுக்குத் திரும்பிப் போனான்.

கனகம் கத்தரிக்கோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சாக்கைக் கிழிக்கிற சத்தம் அந்தப் பக்கம் கேட்கக்கூடாது.

கரண்டு வரட்டும், எட்டுத் தறியும் ஓடட்டும் என்று காத்திருந்தாள்.