இருபத்தெட்டரை மணி நேரச் சனிக்கிழமை

“சுந்தரி, இந்த டிக்கெட்டுல என்னமோ தப்பு இருக்கு,” என்றார் பஞ்சநாதன். “பாரிஸுக்குப் பத்தரை மணி நேரம்னு மாப்பிள்ளை சொன்னாரு. இதுல காலையில ஒம்போதுக்குச் சென்னையில ஏறி, மூணு மணிக்கு இறங்குறோம்னு போட்டிருக்கு. ஆறு மணி நேரம்தானே ஆவுது?”

திரிபுரசுந்தரி சிரித்தாள். “அது அந்த ஊரு மூணு மணிங்க. அப்ப நம்ம காரைக்கால்ல ராத்திரி ஏழரை. சூரியன் போற பக்கமே நாமளும் போறோம்ல, அன்னிக்குப் பகல் நீளும். நமக்கு அந்தச் சனிக்கிழமை மட்டும் இருபத்தெட்டரை மணி நேரம்.”

பஞ்சநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “சனிக்கிழமையா? எனக்கு விரதமாச்சே! ஞாயித்துக்கிழமைக்கு மாத்திடேன்.”

“மாட்டேன். திருநள்ளாத்துல சத்தியம் பண்ணினது நீங்கதானே?”

“அவ்வளவு நேரம் எப்படிடி தாங்குவேன்?”

“புளியோதரை கட்டித் தரேன், நல்லா சாப்பிடுங்க. உங்க விரதம் சாப்பாட்டுக்கு இல்லியே.”

“பிளேன்ல ஒயின் சும்மாவே குடுப்பாங்களாம்,” என்றார் ஏக்கத்தோடு.

“அதுக்குத்தான் சனிக்கிழமை. மாப்பிள்ளை முன்னாடி நீங்க நேரா நடந்து வரணும்.”

“திரும்புறப்பவாவது...?”

“அதுவும் சனிக்கிழமைதான். கிழக்கே வர்றதால அன்னிக்கு நாலரை மணி நேரம் கம்மி. போதுமா?”

பஞ்சநாதன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போவதும் சனி, வருவதும் சனி.