மிதிக்கக் கூடாத மிதியடி

“யாரும் மிதியடியை மிதிச்சுராதீங்க! நடுவர் வந்து மிதிக்கட்டும்!”

கண்காட்சிக்கு வந்த கூட்டத்தை விரட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளியின் கண்டுபிடிப்பு, மேசைக்கு முன்னால் தரையில் கிடந்தது. பனியன் கம்பெனிக் கழிவுத் துணியைப் பின்னிச் செய்த மிதியடி, எல்லா வாசலிலும் கிடப்பது மாதிரி. பிள்ளைகள் உள்ளே ஸ்பாஞ்சும் அலுமினியத் தாளும் வைத்துத் தைத்திருந்தார்கள். ஆள் ஏறி நின்றால் ஒயரின் மறுமுனையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும்.

நல்லூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஆடை வடிவமைப்பு சொல்லிக்கொடுப்பவன் நான். பெயர் பிரபாகர், சைஸ் த்ரீ எக்ஸெல். இந்த வருடமும் மாவட்டப் போட்டியில் பரிசு வராவிட்டால் தையல் கூடத்தைக் கம்ப்யூட்டர் பிரிவுக்குக் கொடுத்துவிடுவேன் என்று தலைமையாசிரியை நிர்மலா சொல்லிவிட்டார். பிள்ளைகள் வேறு குரூப்புக்குப் போய்விடுவார்கள். நான் எங்கே போவேன்? பனியன் கம்பெனி வேலைக்குப் போனால் என் தையலை முதல் பீஸிலேயே தூக்கி எறிவார்கள்.

ஆனால் வாத்தியார் வேலையில் நான் கெட்டிக்காரன் என்று பள்ளிக்குள் ஒரு பேச்சு உண்டு. அதைப் பெரும்பாலும் பேசியது நான்தான். எந்த நேரம் நுழைந்தாலும் என் வகுப்பில் அத்தனை தலையும் மிஷின் மேல் குனிந்திருக்கும். ஸ்டாஃப் ரூமில் இதைச் சொல்லிச் சொல்லியே பாதிப் பேரின் சிநேகிதத்தை இழந்தேன்.

மிதியடியைச் செய்தவர்கள் தேவிப்பிரியாவும் அபிராமியும். ஒரு மதியம், மறந்து வைத்த மூக்குக் கண்ணாடியை எடுக்கத் தையல் கூடத்துக்குப் போனபோது, இரண்டு பேரும் அதைப் பிரித்துப் போட்டு ஸ்பாஞ்ச் மாற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

“சும்மா செஞ்சு பாத்தோமுங்க சார். தூக்கிப் போட்டுடறோமுங்க,” என்றாள் தேவிப்பிரியா.

என்ன ஒரு அடக்கம்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“தூக்கிப் போடறதா? இதுதான் கண்ணு போட்டிக்குப் போகுது. கம்பெனில கட்டிங் மிஷின் பக்கத்துல இதைப் போட்டு வெச்சா, ஆள் வர்றது மிஷின்காரருக்கு லைட் எரிஞ்சு தெரிஞ்சிரும். எப்படி நம்ம ஐடியா?”

“போட்டிக்கெல்லாம் வேண்டாங்க சார்,” அபிராமி கெஞ்சினாள். மேடைப் பயம் என்று நானே முடிவு செய்து, ஒரு பீரியட் முழுக்கத் தன்னம்பிக்கை பற்றிப் பேசினேன். அத்தோடு அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஒத்திகை பார்த்தோம். நான் ஏறினேன், எரிந்தது. நிர்மலா மேடம் ஏறினார், எரியவில்லை. “லூஸ் காண்டாக்ட். சரி பண்ணிருங்க,” என்றேன், பெரிய இன்ஜினியர் மாதிரி. இருவரும் தலையாட்டினார்கள்.

இப்போது நடுவர் வந்துவிட்டார். சித்ரகலா என்று பெயர், ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டிசைன் பிரிவைப் பார்ப்பவர். பிள்ளைகளைப் பேசவிட்டால் சொதப்பிவிடுவார்கள் என்று, கட்டிங் மிஷின் விஷயத்தை நானே மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். எரியவில்லை. அழுத்தி நின்றார். ம்ஹூம்.

“இருங்க மேடம்!” என்று அவரை இறங்கச் சொல்லிவிட்டு நான் ஏறினேன். பளிச்சென்று எரிந்தது.

சித்ரகலா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

“ஏன் கண்ணு, நான் ஏறுனா எரியலை? கெட்டுப்போச்சா?”

“இல்லீங்க மேடம். வெயிட் கம்மியா இருந்தா எரியாதுங்க. அப்படித்தானுங்க செட் பண்ணியிருக்கோம்,” என்றாள் தேவிப்பிரியா.

“கம்பெனில பாதிப் பேரு என்னாட்டம் ஒல்லியாத்தான் இருப்பாங்க. கட்டிங் செக்‌ஷனுக்கு இது உதவாதே?”

“உதவாதுங்க மேடம்.”

பாவி! இப்படியா போட்டு உடைப்பாள்? என் தையல் கூடத்தில் கம்ப்யூட்டர்கள் வரிசையாக வந்து உட்காருவது கண்ணில் தெரிந்தது.

ஆனால் சித்ரகலா நகரவில்லை. மிதியடியைப் புரட்டித் தையலைப் பார்த்தார், ஸ்பாஞ்சை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

“வேலை சுத்தமா இருக்குது. இங்க இருக்கறது எல்லாமே போட்டிக்குன்னு செஞ்சது. இது நெசமாவே எங்காச்சும் உபயோகத்துல இருந்தா, மொதல் பரிசு இதுக்குத்தான். இருக்குதா?”

தேவிப்பிரியா என்னையே பார்த்தாள்.

எனக்கு மானம், மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. அத்தனை பேர் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

“இருந்தாச் சொல்லிரு கண்ணு! நம்ம ரூமே போயிரும்!”

அவள் அபிராமியைப் பார்த்தாள். அபிராமி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“எங்க க்ளாஸ் வாசல்லயே தெனமும் உபயோகப்படுதுங்க மேடம்... சார் வர்றது முன்கூட்டியே தெரிஞ்சிருமுங்க.”