முகத்துக்கு நேரே மட்டும்

கோட்டைச்சாமியின் முகத்துக்கு நேரே மட்டும் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.

நெஞ்சுக்கு மேலே இல்லை. கால்மாட்டில் இல்லை. துடைத்தால் போய்விடுகிறது, சற்று நேரத்தில் திரும்பவும் வருகிறது.

இன்பராஜ் காலையில்தான் அருப்புக்கோட்டையிலிருந்து ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து, பரளச்சியில் அந்த வீட்டு முற்றத்தில் இறக்கி, மின்சாரம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். பதினோரு மணிக்கு மறுபடி கூப்பிட்டார்கள்.

வந்ததும் விஷயம் தெரிந்தது. ஒப்பாரி நின்றுபோயிருந்தது. கோட்டைச்சாமியின் மனைவி மூக்கம்மாள் பெட்டியின் மேல் கையை ஊன்றி நின்றாள்.

"மூச்சு விடுறாக. பெட்டியத் தொறப்பா."

உயிர் போய்விட்டது என்று விடியற்காலையிலேயே டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கண்ணாடியைப் பார்த்தபின் எல்லாருக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

மூக்கம்மாளின் தம்பி மருதுபாண்டி இன்பராஜைத் தனியே இழுத்தார். "மகளுக்கு அக்கா போனப் போட்டு, அப்பா மூச்சு விடுறாக, பதறாம வான்னு சொல்லிப்புட்டா. அவ பஸ்ஸு காரியாபட்டி தாண்டிருச்சு. அந்தப் பிள்ளை வந்து எறங்குறதுக்குள்ள ஏதாச்சும் செய்யி."

இன்பராஜ் ஆவியின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தான். கோடு தெளிவாக விழுந்தது. அப்படியென்றால் ஆவி வெளிப்பக்கம்தான். உள்ளே இருப்பவரின் மூச்சு வெளியே படியாது.

இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் காலையிலிருந்து முந்தானையால் அதை வெளிப்பக்கமாகவே துடைத்துக்கொண்டிருப்பவளுக்கு அந்த ஒரு வரி போதாது.

சரி, வெளியே எங்கிருந்து வந்தது?

ஐ.டி.ஐ.யில் குளிர்சாதன வகுப்புச் சுவரில் ஒரு படம் இருந்தது. பனிக்கட்டிக்கு ஓர் இடம், தண்ணீருக்கு ஓர் இடம், ஆவிக்கு ஓர் இடம், நடுவே கோடுகள். அவனுக்கு அந்தப் படம் மிகவும் பிடிக்கும். காற்றில் ஆவி நிறைய இருந்தால், கொஞ்சம் குளிர்ந்தாலே அது கோட்டைத் தாண்டித் தண்ணீராகிவிடும். குறைவாக இருந்தால் வெகுவாகக் குளிர வேண்டும்.

பங்குனி மாதத்துப் பரளச்சிக் காற்றில் ஆவி ஏது? கொடியில் போட்ட வேட்டி அரை மணியில் மொடமொடக்கிறது. இந்தக் கண்ணாடியின் குளிர் அந்தக் காற்றுக்குப் போதாது. ஈரக் காற்று வேறெங்கிருந்தோ வந்திருக்க வேண்டும்.

இன்பராஜ் பெட்டியை விட்டுவிட்டு மூக்கம்மாளைப் பார்த்தான்.

அவள் முகத்துக்கு நேரே, கண்ணாடிக்கு ஒரு சாண் உயரத்தில் குனிந்து, கணவனிடம் பேசிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து நிறுத்தவே இல்லையாம்.

"அம்மா, கொஞ்சம் கால்மாட்டுப் பக்கம் வந்து பேசுறீகளா?"

"காலுகிட்ட என்னத்தப்பா பேச? காது இங்கனல்ல இருக்கு."

"ஒரு நிமிசம்மா. எனக்காக."

வந்தாள். பாதங்களைப் பார்த்ததும் அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது.

"பித்தவெடிப்புக்கு மருந்து வாங்கியாந்து ஆறு மாசமாச்சு. மூடியக்கூடத் தொறக்கல. நாம்பாட்டுக்குச் சொல்லுவேன், நீங்கபாட்டுக்குக் காட்டுக்குப் போவீக..."

பாதங்களுக்கு மேலே கண்ணாடி மங்கியது.

முகத்துக்கு மேலே இருந்த ஆவி ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கிக் காய்ந்தது. முகம் தெரிந்தது.

மூக்கம்மாள் பாதத்தைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை வாயருகே கொண்டுபோய் மெல்ல ஊதினாள். அந்தக் கையை மற்றக் கையால் தொட்டுப் பார்த்தாள்.



தம்பியிடம் போனைக் கேட்டு வாங்கி மகளைக் கூப்பிட்டவள் அவள்தான்.

"தாயி... அது எம் மூச்சு தாயி. அவுக மூச்சு இல்ல."

மறுமுனையில் அழுவது வெளியே கேட்டது. முடியும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

பிறகு தலைமாட்டுக்குத் திரும்பி வந்து குனிந்தாள். சட்டென்று முந்தானையால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள். முகம் மறைந்துவிடக் கூடாது. பேசவும் இல்லை, மூச்சும் விடவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது.

இன்பராஜ் பக்கத்து வீட்டுக்கு ஓடினான். ஒரு டேபிள் ஃபேனோடு வந்து, அதைத் தலைமாட்டில் ஒரு நாற்காலிமேல் வைத்து, காற்று கண்ணாடியை ஒட்டிக் கால்வரை ஓடும்படி திருப்பிவிட்டான்.

"கையை எடுங்கம்மா. இனிமே எவ்வளவு கிட்டப் போயும் பேசலாம். நம்ம ஊருக் காத்து காஞ்ச காத்து, மூச்சைக் கண்ணாடியில தங்க விடாது."

அவள் முந்தானையை இறக்கிப் பேசத் தொடங்கினாள். கண்ணாடி மங்கவில்லை.